மாத்திரை அட்டையும் ஒரு கிராம் தோடும்

புளியஞ்சோலை ஓடையில் யாராவது ஒரு பெண் காதைத் தடவிப் பார்த்துப் பதறி நின்றால், கரையிலிருந்து உடனே ஒரு பதில் வரும்: "தண்ணியில விழுந்ததா? அப்ப போனதுதான். இந்நேரம் காவிரிக்கே போயிருக்கும்." ஆறுதலுக்காகச் சொல்லும் சொல்தான். ஆனால் அதை நம்பித் தேடாமல் திரும்பிப் போகிறவர்கள் அதிகம். அந்த நம்பிக்கை தவறு. போனது போனதுதான் என்று விடவேண்டிய நகைகளைவிட, பக்கத்திலேயே கிடந்தும் எடுக்கப்படாத நகைகளே அங்கே கூடுதலாக இருக்கும்.

கொல்லிமலை மேல் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு, காட்டுக்குள் இறங்கி அடிவாரத்தில் புளியஞ்சோலையாக வெளிப்படுகிறது. இங்கே அது பாறைகளுக்கிடையே தேங்கித் தேங்கி ஓடும் ஓடை. மலைத் தண்ணீரின் குளிரில் விரல் சற்றுச் சுருங்கும், சோப்பு வழுக்கும், மோதிரம் நழுவும். தோட்டுத் திருகாணி தளர்ந்திருந்தால் தலையைத் துவட்டும்போதே கழன்றுவிடும்.

விழுந்த பிறகு என்ன ஆகிறது? ஆற்று மணலின் அடர்த்தி 2.65. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17-க்கும் 18-க்கும் இடையில். தண்ணீருக்குள் எடை குறைவதையும் கணக்கில் சேர்த்தால், அதே பருமனுள்ள மணலைவிடத் தங்கம் ஏறத்தாழ பத்து மடங்கு கனம். மணலையே உருட்ட முடியாத ஓட்டம் மோதிரத்தை எங்கும் கொண்டுபோகாது. மோதிரம் கூழாங்கற்களின் இடுக்கில் இறங்கும்; கடினமான தளத்தில் முட்டும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். தகடு போல மெல்லியதும் உள்ளே குழிவானதுமான ஜிமிக்கி கொஞ்சம் தள்ளிப் போகலாம். மலையில் பெருமழை கொட்டி ஓடை காட்டாறாகப் பெருகி, கல்லும் சரளையும் சேர்ந்தே இடம்பெயர்ந்துவிட்டால் கணக்கு வேறு. சாதாரண நாளில் தொலைந்தது, தொலைந்த இடத்துக்கு அருகிலேயே, சற்றுக் கீழே, பாறையின் மறைவுப் பக்கத்திலோ வெடிப்பிலோ கிடக்கும்.

அதனால் முதல் வேலை, நின்ற இடத்தில் அடையாளமாகக் கல்லை அடுக்கிவைத்துவிட்டு எல்லாரையும் வெளியே வரச் சொல்வது. சொந்தபந்தம் பத்துப் பேரும் இறங்கிக் காலால் துழாவுவதுதான் நகைக்கு நேரும் பெரிய கெடுதல். மணலைக் கலக்கக் கலக்கத் தங்கம் ஆழத்துக்குப் போகும்.

இனி மெட்டல் டிடெக்டருக்கு வருவோம். இன்று அதை வாடகைக்கு எடுக்கிறவர்களும் சொந்தமாக வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள். கூடவே அதைப் பற்றிய நம்பிக்கைகளும் பெருகிவிட்டன. அவற்றில் தலையாயது, கருவிக்குத் தங்கம் தெரியும் என்பது.

தெரியாது. கருவியின் நுனியிலுள்ள வட்டக் கம்பிச்சுருளான காயிலிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் கிளம்புகிறது. அது பட்ட உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் காயில் திரும்ப வாங்கி, அது எவ்வளவு வலுவாக இருந்தது, எவ்வளவு தாமதித்தது என்று அளக்கிறது. திரையில் வரும் எண்ணும் காதில் விழும் ஒலியும் அந்த அளவுகள்தான். உலோகத்தின் மின்கடத்துத்திறன், தடிமன், பருமன், வடிவம் எல்லாம் கலந்த ஒற்றை விடை அது. அந்த எண்வரிசையில் தடித்த வெள்ளிக் காப்பு ஒரு முனையில் நிற்கும், இரும்பு ஊக்கு மறுமுனையில் நிற்கும். தங்கத்துக்கென்று தனி இடம் கிடையாது. ஆண்கள் போடும் கனத்த மோதிரம் ஓரிடத்தில், குழந்தை மோதிரம் வேறோர் இடத்தில், தோடும் மூக்குத்தியும் அதற்கும் கீழே, கசங்கிய அலுமினியத் தாளின் இடத்தில்.

சிறு தங்கம் தேடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குளிக்கும் துறையின் மணலில் என்னென்ன இருக்கும்? சோடா மூடி, கொண்டை ஊசி, மாத்திரை அட்டைக் கிழிசல், பிஸ்கெட்டும் பாக்கும் சுற்றிவந்த வெள்ளித்தாள். பத்து முறை தோண்டிப் பத்து முறையும் மாத்திரை அட்டை வந்தால் எவருக்கும் சலிக்கும். உடனே டிஸ்கிரிமினேஷனை உயர்த்தி, அலுமினியத் தாளின் எண்கள் ஒலிக்காதபடி செய்துவிடுவார்கள். பல கருவிகளில் நாணயத் தேடலுக்கென்று இருக்கும் அமைப்பே இதைச் செய்துவிடும். அதன்பின் கருவி அமைதியாகிவிடும், தேடுவதும் சுகமாக இருக்கும். ஆனால் ஒரு கிராம் தோட்டின் மேல் காயில் போனாலும் அது வாய் திறக்காது. மாத்திரை அட்டையை ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் தோட்டையும் சேர்த்தே ஒதுக்குகிறோம். சிறு நகை வேண்டுமென்றால் அதிகபட்சம் இரும்பை மட்டும் ஒதுக்கலாம். மற்ற ஒவ்வொரு ஒலியையும் தோண்டியே ஆகவேண்டும், குறுக்கு வழி இல்லை. தோண்டி எடுத்த குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அடுத்துத் தேடுகிறவருக்கும் ஓடைக்கும் நல்லது.

அடுத்த நம்பிக்கை காயிலைப் பற்றியது. கருவியோடு வரும் காயில் சிறு தங்கத்துக்கு ஆகாது, தனியாகப் பெரிய காயில் வாங்கவேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஆகச் சிறியதை வாங்கினால்தான் உண்டு என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. முதல் கூட்டம் சொல்வது தலைகீழ். பெரிய காயில் ஆழத்தில் கிடக்கும் பெரிய பொருளுக்கு உதவும். அதன் புலம் பரந்து கிடப்பதால், மிளகளவு மூக்குத்தியின் மேல் படும் பங்கு குறைந்துபோகும். இரண்டாம் கூட்டம் சொல்வதில் பாதி உண்மை உண்டு. 6 அங்குலக் காயிலின் புலம் குவிந்திருக்கும், சிறு பொருளுக்கு நன்றாக விடை சொல்லும், பாறை இடுக்கிலும் நுழையும். ஆனால் பரந்த மணற்பகுதியை அதைக் கொண்டு முழுக்கத் துழாவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவசரத்தில் இடைவெளிகள் விட்டுப்போகும்.

கருவியோடு வரும் 9 முதல் 11 அங்குலக் காயில் இந்த வேலைக்குப் போதும், அதைப் பிடிக்கிற விதம் சரியாக இருந்தால். காயிலின் அளவைத் தாண்டிய தொலைவில், தொலைவு இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சைகை ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். அதைவிடக் கிட்டத்திலும் ஒவ்வொரு விரற்கடையும் கணக்குத்தான். பொதுவாக, கனத்த மோதிரம் ஒரு சாண் ஆழத்திலும் கேட்கும், ஒரு கிராம் தோடு நாலு விரல் ஆழத்தில் கேட்டாலே நல்லது. காயிலைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கிப் பிடித்து வீசுகிறவர், தோடு கேட்கக்கூடிய ஆழம் முழுவதையும் காற்றிலேயே செலவழித்துவிடுகிறார். காயில் மணலை உரசிக்கொண்டு போகவேண்டும். மெதுவாகப் போகவேண்டும். ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதியாவது படியவேண்டும். அன்றைக்கே தொலைந்தது மேல்மணலில்தான் இருக்கும் என்பதால், ஆழத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படலாம்.

காயிலைவிட அலைவெண் முக்கியமானது. சிறு தங்கத்தில் எழும் சுழல் மின்னோட்டம் நொடியில் அடங்கிவிடுவது. வேகமாக மாறும் புலம்தான் அதை நன்றாகத் தட்டியெழுப்பும். 6 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் ஓடும் தொடக்கநிலைக் கருவிகள் நாணயத்துக்குச் சரி. நகைக்கு 15-லிருந்து 20 நல்லது. தங்கத் துகள் தேடுவதற்கென்றே செய்த மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்டு பக் 2 என்பது 71. காசு செலவழிப்பதென்றால் பெரிய காயிலுக்குச் செலவழிக்காமல் இதற்குச் செலவழிக்கலாம்.

செயின் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு சவரன் செயின் என்றால் அரை சவரன் மோதிரத்தைவிட நாலு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று எண்ணுகிறோம். கருவி எடை பார்ப்பதில்லை. மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவர ஒரு வளையம் வேண்டும். மோதிரம் முழு வளையம். செயினோ நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒன்றையொன்று தளர்வாகத் தொட்டுக்கொண்டிருப்பவை. கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகவே பார்க்கிறது, ஒற்றைக் கண்ணியோ கடுகளவு. எனவே மெல்லிய செயின் முனகும், அல்லது ஒன்றுமே சொல்லாது. கொக்கியோ டாலரோ இருந்தால் அதுதான் முதலில் கேட்கும். தாலிச்செயின் தொலைந்தவரிடம் முதலில் கேட்கவேண்டியது, அதில் மாங்கல்யமும் குண்டும் காசும் கோத்திருந்தனவா என்பதை. இருந்தால் அந்த ஒலிகளைத் தேடலாம். வெட்டுப்பட்ட மோதிரமும் இப்படித்தான், வளையம் முறிந்ததும் ஒலி பலவீனமாகிவிடும்.

கொல்லிமலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. உச்சியில் பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மால்கோ நிறுவனம் அதை வெட்டியெடுத்தது. மலையின் பாறை அடுக்குகளில் மேக்னடைட் கலந்த குவார்ட்சைட்டும் இருக்கிறது, சேலம் கஞ்சமலையில் இருப்பதைப்போல. அந்தக் குவார்ட்சைட் தேய்ந்து வரும் கருமணலை ஓடையின் வளைவுகளில் பார்க்கலாம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்பாக மயிர்க்கூச்செறிந்து ஒட்டிக்கொண்டு வரும். இந்த மணலே கருவிக்கு விடை சொல்லும். இங்கேதான் கருவியின் உணர்திறனை, அதாவது சென்சிடிவிட்டியை, முழுக்கத் திருகிவைத்தால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை காலை வாரிவிடுகிறது. முழு அளவில் வைத்தால் மண்ணின் இரைச்சல்தான் பெருகும், தோட்டின் மெல்லிய ஒலி அதில் அமுங்கிப்போகும். இரைச்சல் அடங்கும்வரை குறைத்துவைத்து, தேடும் இடத்து மணலிலேயே, மண்ணின் விடையைக் கருவி ஒதுக்கும்படி கிரவுண்ட் பேலன்ஸ் செய்துவிட்டுத் தொடங்கவேண்டும். நல்ல வேளையாக ஓடைத் தண்ணீர் நன்னீர். ராமேசுவரத்திலோ வேளாங்கண்ணியிலோ உப்புநீர் ஊறிய மணல் தானே மின்சாரம் கடத்தி, சிறு தங்கம் சொல்லும் அதே விடையைச் சொல்லும். அந்தத் தொல்லை புளியஞ்சோலையில் இல்லை. காயில் நனையலாம், ஆனால் பல கருவிகளில் கைப்பிடிக்கு மேலுள்ள பெட்டி நனையக்கூடாது என்பதை மட்டும் இடுப்பளவு நீரில் இறங்குமுன் நினைவில் வைக்கவேண்டும்.

கருவி எத்தனை நல்லதானாலும் தேடும் இடமும் சூழலும் தவறினால் பயனில்லை என்பதை இதன் வரலாறே காட்டும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து, உடலுக்குள் குண்டு எங்கே என்று தேடினார். மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். படுக்கையின் எஃகுச் சுருள்களும் குழப்பின. இன்றும் கையில் இரும்பு மண்வெட்டியும் பக்கத்தில் எவர்சில்வர் தூக்குவாளியும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொலைந்தது ஜோடித் தோட்டில் ஒன்று என்றால், மிக நல்ல உதவி அந்தப் பெண்ணின் மறு காதிலேயே இருக்கிறது. அதைக் கழற்றி வாங்கி, நீளமான நூலில் கட்டி, ஓடை மணலில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்துக் காயிலை ஓட்டிப் பாருங்கள். என்ன எண் வருகிறது, எப்படி ஒலிக்கிறது, எத்தனை ஆழத்தில் ஒலி செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். அந்த இயந்திரம், அந்த மண், அந்த நகை மூன்றும் சேர்ந்து சொல்லும் விடையை எந்தக் கையேடும் தராது. ஒலியே வரவில்லையென்றால் அந்தக் கருவியால் நடக்காத காரியம் என்பதும் அப்போதே தெரியும். சல்லடையை எடுத்து மணலை அரிக்கலாம். கரூர் அமராவதிப் படுகையில் சங்ககாலக் காசுகளும் முத்திரை மோதிரங்களும் மணலிலிருந்து வெளிவந்தது எந்தக் காயிலின் துணையும் இல்லாமல்தான்.

கோபத்தோடு சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. கைப்பிடியில் ஆண்டெனா நீட்டிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தங்கத்தைத் திசைகாட்டும் என்று விற்கப்படும் கருவிகள். சித்தர்கள் வாழ்ந்த மலை, புதையல் உள்ள மலை என்ற பேச்சு கொல்லிமலையைச் சுற்றி இருப்பதால் இவற்றுக்கு இங்கே செவி கொடுப்பவர்கள் உண்டு. இவை வேலை செய்யாது. இதே வகையைச் சேர்ந்த ஏடிஇ 651 என்ற பொருளை, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டன் வியாபாரி. கோல்ஃப் பந்து தேட என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமானின் மறுவடிவம் அது. உள்ளே இயங்கும் பாகம் எதுவுமே இல்லை. அதை நம்பிய சோதனைச்சாவடிகளைக் கடந்து குண்டுகள் போயின, மனிதர்கள் செத்தார்கள். 2013-இல் அவருக்குப் பத்தாண்டு சிறை. நகை தொலைந்த வேதனையில் இருப்பவரிடம் அந்த வகைக் கருவியைக் காட்டிப் பணம் வாங்குவது, இழந்தவரிடமே மறுபடி திருடுவது.

கடைசியாக, கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்ற நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைப்பவர் அதைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர் ஆகிறார். தேடிய உழைப்புக்குக் கூலி கேட்டு அவர் வழக்குப் போட முடியாது. உரியவர் பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்டுப் போடலாம். உரியவரைத் தேட முயலாமல் தானே வைத்துக்கொள்வது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதை 314-ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றம். தொலைந்த நகை வேறு, மண்ணில் மறைத்துவைத்த பழம்பொருள் வேறு. பின்னது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு உட்பட்டது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமிருந்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ஓடையைச் சுற்றியிருப்பது காப்புக்காடு என்பதால், மண்வெட்டி தொடுமுன் வனத்துறையைக் கேட்கவேண்டும், தோண்டிய குழியை மூடவேண்டும்.

கிடைத்த நகையில் ஹெச்யுஐடி என்ற ஆறெழுத்து ஹால்மார்க் அடையாளம் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டி எந்தக் கடையின் நகை என்று பார்க்கலாம். கடை வழியாக உரியவரை எட்டலாம். 2023 ஏப்ரல் முதல் விற்ற நகைகளுக்கு அது கட்டாயம். இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு என்பதால் ஒரு கிராம் தோட்டில் அது இல்லாமல் போகலாம். அப்படியானால் கேட்டு வருகிறவரிடம் மறு தோட்டைக் காட்டச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.