ஐயம் வேறு, குற்றம் வேறு

மாணவர்களே! கோவண்டியிலும் செம்பூரிலும் கடைகளில் பணிபுரியும் அண்ணன்மாரும் அக்காமாரும் உங்கள் வீடுகளில் இருக்கலாம். பணி முடிந்து வெளியேறும்போது அவர்களுடைய பைகள் சோதிக்கப்படுவதுண்டு. இருப்பில் ஒரு பொருள் குறைந்தால் ஐயம் முதலில் அவர்கள் மீதே விழுகிறது.

களவு குற்றமே. தம் பொருளைக் காப்பது கடை உரிமையாளரின் உரிமை. ஆயினும், பொருள் குறைவதற்குக் கணக்குப் பிழையோ பிறர் களவோ காரணமாகலாம். எனவேதான், ஒப்படைத்த பொருளின் இழப்புக்கு ஊதியத்தில் பிடித்தம் செய்யுமுன் பணியாளரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும், பிடித்தம் இழப்பின் அளவை மிஞ்சக்கூடாது என்றும் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி உள்ளது.

சிலப்பதிகாரத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் சொல்லையே நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மை விளங்கியது. போன உயிர் மீளவில்லை. விதி கடுமையாக இருக்கலாம். ஆனால், விசாரணைக்குப் பின்னரே தண்டனை வர வேண்டும்.

பயிற்சி
1. ஐயம், குற்றம் – வேறுபாடு எழுதுக.
2. பாண்டியன் செய்த பிழை யாது?
3. மேலாளரின் பையும் சோதிக்கப்பட வேண்டுமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.