கூகுளில் மட்டும் ஜப்பானிய எழுத்து

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு யூனிட் நடத்துகிறேன். எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தை முகவரி அடித்துத் திறந்தால் சரியாக இருக்கிறது. கூகுளில் கம்பெனி பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் வருகிறது. தளத்தைச் செய்துகொடுத்த பெங்களூரு ஆள் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இந்த வகைத் தாக்குதலில் போலிப் பக்கங்கள் பெரும்பாலும் கூகுளுக்கும், தேடி வருகிறவர்களுக்கும்தான் தெரியும். முதலாளி கண்ணில் படாது.

வேர்ட்பிரஸ்ஸை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதலே சிறு பாதுகாப்புத் திருத்தங்களை அது தானே போட்டுக்கொள்கிறது. ஓட்டை பெரும்பாலும் பிளக்இன்னில்தான். 2020 செப்டம்பரில் ‘ஃபைல் மேனேஜர்’ என்ற பிளக்இன் வழியாகப் பாஸ்வேர்டே இல்லாமல் கோப்பு ஏற்ற முடிந்தது. அதை வைத்திருந்த தளங்கள் 7 லட்சத்துக்கு மேல். தளத்தைச் செய்துகொடுத்தவர் விலையுள்ள தீம் ஒன்றை ‘இலவசமாக’ இறக்கிப் போட்டிருந்தாரா என்றும் பாருங்கள்.

தளத்தை மீட்பதில் முதல் வேலை, டொமைனும் ஹோஸ்டிங்கும் யார் பெயரில் என்று பார்ப்பது. அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூருவில் வேலை கொடுக்கும் நம் ஊர் யூனிட்கள் பலவற்றில் இரண்டும் டிசைனரின் மெயில் ஐடியில்தான் கிடக்கின்றன. ஜிஎஸ்டி சான்று, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றோடு அந்தந்த நிறுவனங்களுக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.

பிறகு தளத்தை மூடிவைத்து, எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, அடையாளம் தெரியாத அட்மின்களை நீக்குங்கள். வேர்ட்பிரஸ், பிளக்இன், தீம் எல்லாவற்றையும் புதிதாக இறக்கிப் போடுங்கள். படங்கள் இருக்கும் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு கிடந்தால் சந்தேகப்படுங்கள். பழைய பேக்கப்பை ஏற்றினால் போதும் என்பார்கள். ஓட்டையும் கூடவே திரும்பிவரும். கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். புகுந்தவர் தன்னையும் அதில் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

எனக்குத் தளத்தைவிட மெயில்தான் கவலை. கம்பெனி மெயிலும் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால், புகுந்தவரால் உங்கள் இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட முடியும். எல்லா பாஸ்வேர்டுகளையும் இன்றே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். பில் அனுப்பும் கம்பெனிகளுக்குப் போனில் சொல்லிவையுங்கள். பணம் கைமாறியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இன்னொன்று: தளத்தில் ஊடுருவல் நடந்ததாகத் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. சிறு யூனிட்டுக்கு விலக்கில்லை. இதைப் படித்ததும் முதலில் அந்தத் தகவலை அனுப்பிவிடுங்கள்.