78 என்று போட்டிருந்தால் 78 தானா?

பழைய சாமான் கடையில் கறுப்பான, கனமான இசைத்தட்டு ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. லேபிளில் ‘ஹவாயியன் கிட்டார்’ என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஊசியை வைத்துவிடாதீர்கள்.

அது அரக்குத் தட்டு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. கை நழுவினால் ஓடுபோல் உடையும். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும்; அது கலந்த துப்புரவுத் திரவம் கூடவே கூடாது. எல்பி தட்டின் ஊசி முனை ஏறத்தாழ 25 மைக்ரான். இந்தத் தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் தட்டுத் தடுமாறி இரைச்சலைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

அடுத்து, தட்டின் வயது. கிட்டாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை 1889 வாக்கில், ஹவாயில் பள்ளி மாணவராக இருந்த ஜோசப் கெகுகு உருவாக்கினார் என்பார்கள். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அமெரிக்கர்கள் ஹவாய் இசையைக் கேட்டு மயங்கினர். தட்டுகள் வந்து குவிந்தன. அப்போது மைக் கிடையாது. கலைஞர்கள் பெரிய கூம்பின் வாயருகே நெருங்கி நின்று வாசிக்க, ஒலியின் விசையே மெழுகில் பள்ளம் கீறியது. மின்முறைப் பதிவு 1925-இல் வந்தது. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விக்டர் தட்டில் நீள்வட்டத்துக்குள் ‘விஇ’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது மின்முறைப் பதிவு.

இனிதான் உண்மையான சிக்கல்: வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற வழக்கம். தொடக்ககாலத் தட்டுகள் பல அதற்குக் கூடவோ குறையவோ பதிவானவை. 74-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் 440 ஹெர்ட்ஸ் சுரம் 464 ஆகிவிடும். கிட்டத்தட்ட அரைச்சுரம் ஏறிவிட்டது! பாட்டும் அவசரப்படும், பாடகர் குரலும் இளைத்துப்போகும். ஹவாய் கிட்டாரில் இது பெரிய தொல்லை. திறந்த தந்திகள் சேர்ந்தே ஒரு முழுச் சுருதிக்கூட்டாக ஒலிக்கும்படி மீட்டி வைத்திருப்பார்கள். வேகம் பிசகினால் அந்தச் சுருதியைத் தப்பாகக் குறித்துக்கொண்டு, தப்பையே கற்றுக்கொள்வீர்கள். கருவி மட்டும் போதாது. மனிதக் குரல் இயல்பாகக் கேட்கும் வேகத்தைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவு பாடு எதற்கு? கலிபோர்னியாவில் பாப் புரோஸ்மன் என்ற கிட்டார் கலைஞர் இத்தகைய தட்டுகளைத் தேடிச் சேர்த்துவந்தார். 1929-இல் தோக்கியோவில் ‘மேடம் ரிவியேர்’ குழு பதிவுசெய்த பாடல்கள் அவருக்கு மிகவும் பிடித்தவை. வாசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியாது. 1980-களில், அவருடைய தட்டு ஒன்றைக் கேட்டு ஹவாயிலிருந்து ஒரு முதியவர் கடிதம் எழுதினார். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்த டாவ் மோ அவர்! பல்லாண்டுகள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குடும்பத்தோடு வாசித்துத் திரிந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். புரோஸ்மன் புறப்பட்டுப் போனார். டாவ் மோவும் மனைவி ரோஸும் தம் இளமைக்காலப் பாடல்களை மீண்டும் பாடிப் பதிந்தனர். அந்தத் தொகுப்பு 1989-இல் வெளியானது.