வெளிநாட்டுச் செயலியில் எண்ணெய் வர்த்தகம்: வழக்கு எந்த நாட்டில்?

கேள்வி (பல்லேபொல வாசகர், சுருக்கம்): வெளிநாட்டுச் செயலியொன்றில் மசகு எண்ணெய் விலையேற்ற இறக்கத்தை நம்பிக் கடனட்டையால் பணம் போட்டவருக்கு, மீதியைத் திருப்பித் தர நிறுவனம் மறுக்கிறது. 4 வருடங்கள் ஆகிவிட்டன. மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாமா?

பதில்: எல்லை தாண்டிய பெறுதி ஒப்பந்தங்களில் (விலையேற்ற இறக்கத்தை வைத்துச் செய்யப்படுபவை) வழக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: எந்த நாட்டுச் சட்டம், எந்த மன்றம் என்பது. பணம் போட்டவர் இலங்கையில் இருக்கிறார் என்பதால் மட்டும் இலங்கைச் சட்டம் முழுவதும் பொருந்திவிடாது.

இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனமே இதை அனுபவித்தது. எண்ணெய் விலை உயரும் என்ற பயத்தில் வங்கிகளுடன் செய்த ஒப்பந்தங்கள், 2008 இறுதியில் விலை சரிந்ததும் கழுத்தை இறுக்கின. அவ்வருட நவம்பரில் உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. மத்திய வங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஆனால் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டது. இத்தகைய ஒப்பந்தம் செய்யத் தனக்கு அதிகாரமே இல்லை என்று கூட்டுத்தாபனம் வாதாடியது. அந்தக் கேள்விக்கு மட்டும் இலங்கைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்த லண்டன் நீதிமன்றம், அதிகாரம் உண்டு என்று கூறி 2011இல் சுமார் 162 மில்லியன் டொலரைக் கட்ட உத்தரவிட்டது. 2012இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. அதே கூட்டுத்தாபனம் சிட்டி வங்கியுடனான தகராறில் நடுவர் மன்றத்தில் வென்றது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் முடிவு மாறும்.

வாசகரின் கடிதத்துடன் ஒப்பந்தப் பிரதி இல்லை. நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது என்ற விபரமும் இல்லை. ஆகவே மாத்தளையில் வழக்குத் தொடரலாமா என்று இப்போது சொல்ல முடியாது. "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தும்போது திரையில் வந்த நிபந்தனைகளைச் சேமித்து வைக்காமல் 4 வருடங்கள் காத்திருந்தது பெரும் பிழை. இலங்கையில் எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடரப் பொதுவாக 6 வருடங்களும், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடங்களும் உண்டு. வேறு நாட்டுச் சட்டம் பொருந்தினால் இந்தக் கணக்கு மாறலாம். தவணை இப்போதே கடந்திருக்கவும் கூடும்.

மறுபக்கமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், கடனட்டையால் இப்படிப் பணம் அனுப்ப அனுமதி இருந்ததா என்ற கேள்வி எழும். எனவே எவருக்கும் முறைப்பாடு எழுதுமுன், வங்கிக் கூற்றுகள், மின்னஞ்சல்கள், செயலியின் திரைப்பிரதிகள் எல்லாவற்றுடனும் சட்டத்தரணி ஒருவரை நேரில் சந்திக்க வேண்டும். எழுதிக் கொடுத்த முறைப்பாடே பணம் அனுப்பியவருக்கு எதிரான சாட்சியமாகலாம்.