கல்லூரியில் ஆசிரியரின் கதவைத் தட்டட்டும்



கியூபெக்கில் எமது பிள்ளைகள் பதினோராம் வகுப்பு முடித்ததும் சீஜெப் கல்லூரிக்குப் போகிறார்கள். 1967இல் தொடங்கிய இந்த முறையால், ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் வயதிலேயே இங்கு கல்லூரி மாணவர் ஆகிவிடுகிறார்கள். டோர்வலில் இருந்து ஜோன் அபொட், வனியே, டோசன் கல்லூரிகளுக்குச் செல்லும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்திற்கும் வேறு ஆசிரியர், வேறு சக மாணவர். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாமல் முதல் தவணை முடிந்துவிடலாம்.

இது படிப்பை மட்டுமல்ல, உடல்நலத்தையும் பாதிக்கும். தூக்கம் குறைதல், பசியின்மை, அடிக்கடி தலைவலி, வயிற்று வலி, அறைக்குள்ளேயே இருத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

ஆய்வு சொல்வது

அமெரிக்காவில் வால்ட்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "நான் இந்த இடத்துக்கு உரியவன்தானா என்ற கவலை முதலாம் ஆண்டில் எல்லோருக்கும் வரும், பின்பு நீங்கும்" என்பதைப் புதிய மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியில் உணர்த்தினார்கள். அதன் பின் மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் புள்ளிகள் உயர்ந்தன. தமது உடல்நலம் மேம்பட்டதாகவும், வைத்தியரிடம் போவது குறைந்ததாகவும் அவர்கள் கூறினார்கள். 92 மாணவர்களோடு நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் சிறுபான்மையினரான நாம் கவனிக்க வேண்டியது.

எமது தயக்கம்

ஆசிரியர் முன் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று நாம் வளர்ந்தோம். இங்கு ஆசிரியர் மாணவரைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்குகிறார். அங்கு போவது கெட்டித்தனம் இல்லாததன் அடையாளம் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. தவணைத் தொடக்கத்தில் தரும் பாட விபரத் தாளில் ஆசிரியரின் சந்திப்பு நேரம் இருக்கும். முதல் மூன்று வாரங்களுக்குள் ஒருவரையாவது சந்திக்கச் சொல்லுங்கள். ஒரு சிறிய கேள்வி போதும்.

2. பாடத்தைக் கைவிடும் கடைசி நாள் செப்டம்பர், பெப்ரவரி நடுப்பகுதியை அண்டி வரும். கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து, அதற்கு முன்பே ஆசிரியரிடமும் ஆலோசகரிடமும் பேசட்டும்.

3. வகுப்பு முடிந்தவுடன் வீடு திரும்பாமல், துறையின் உதவி நிலையத்திலோ மாணவர் கழகத்திலோ வாரத்தில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

4. "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன், "இன்று யாரோடு கதைத்தாய்?" என்று கேளுங்கள். ஆர் ஸ்கோர் பற்றிய பயம் பிள்ளைக்கு ஏற்கெனவே உண்டு.

கியூபெக்கில் 14 வயது நிரம்பியவர் பெற்றோரின் சம்மதம் இன்றியே சிகிச்சை பெறலாம். பிள்ளை ஆலோசகரிடம் தனியாகப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் சமூக சேவையாளர் ஒருவர் இரவு பகலாகப் பேசுவார். வாழ வெறுப்பாகப் பிள்ளை பேசினால் தாமதிக்காமல் 988ஐ அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911.

கல்லூரியில் தன்னைத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய பலம். அந்த முதல் சந்திப்புக்கு வீட்டிலிருந்தே ஊக்கம் கொடுப்போம்.