அயர்லாந்தின் இடப்பெயர்களும் பழம்பொருள்களும்

ஒரு நாட்டின் சரித்திரம் அரசர் சாசனங்களில் மட்டும் அடங்குவதன்று. வயல், குன்று, ஊற்று, இடிந்த மதில் ஆகியவற்றின் பெயர்களிலும், அவற்றைக் குறித்து முதியோர் கூறும் கதைகளிலும் அதன் பெரும்பகுதி உறைந்து கிடக்கின்றது. அச்செல்வம் அழியுமுன் அதனை எழுதி வைக்க முயன்ற நாடுகளுள் அயர்லாந்து சிறப்பாக எண்ணத்தக்கது.

1824ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதையும் மைலுக்கு 6 அங்குலமாகப் படம் வரையும் நில அளவை தொடங்கப்பெற்றது. நிலவரியைச் செம்மையாக விதிப்பதே அதன் நோக்கம். ஆயினும், படத்தில் எழுத வேண்டிய ஊர்ப்பெயர்கள் ஐரிஷ் மொழியின. அளந்தவரோ ஆங்கிலம் பேசுவோர். 'கில்' என்னும் சொல் ஆங்கிலச் செவிக்குக் கொலையை உணர்த்தும். ஐரிஷ் மொழியிலோ அது கோவிலைக் குறிப்பது. கில்டேர் என்பதற்கு 'ஓக் மரத்துக் கோவில்' என்பதே பொருள். இத்தகைய மயக்கங்களைத் தீர்ப்பதற்காக 1830இல் ஜான் ஓடானவன் என்னும் புலவர் அப்பணியிற் சேர்ந்தார். அவர் முதலிற் பழைய ஆவணங்களில் ஒரு பெயர் எவ்வெவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று திரட்டுவார்; பின்பு அவ்வூருக்கே சென்று, ஐரிஷ் பேசும் முதியோர் அதனை ஒலிக்கும் முறையைக் கேட்பார்; அதன் பின்னரே வடிவத்தைத் துணிவார். பாழடைந்த கோவில், கோட்டை, கல்லறை முதலியவற்றைப் பற்றியும் கேட்டறிந்து கடிதங்களாக எழுதியனுப்பினார்.

இவ்விட ஆராய்ச்சி 1842இல் நிறுத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1845இல், உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுக் கொடும்பஞ்சம் மூண்டது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் நாட்டை விட்டகன்றனர். ஐரிஷ் மொழி பேசிய ஏழை மக்களே மிகுதியாக அழிந்தனர். ஓடானவன் கேட்டறிந்தவற்றுட் பலவற்றைப் பின்வந்த ஒருவர் கேட்க விரும்பியிருப்பினும், விடை கூறுதற்குரிய நாவு அங்கே இராது.

எஞ்சியவற்றைக் காக்கும் பணி 1937 முதல் 1939 வரையிற் பள்ளிச் சிறுவர்பால் ஒப்புவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 மாணவர் தம் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் அயலாரிடமும் கேட்டவற்றை ஏடுகளில் எழுதினர். புதையல், புனித ஊற்று, பழைய இடுகாடு, பஞ்சக்கால நினைவு ஆகிய யாவும் அவற்றில் இடம்பெற்றன. கற்றோர் செல்லாத வீடுகளுக்குள்ளும் சிறுவர் சென்றனர். அவை அவர்தம் சொந்த வீடுகளே அல்லவா!

வாய்மொழிக் கதைகள் நம்பத்தக்கனவோ என்று சிலர் வினவுவர். வயல்களிற் காணும் வட்ட மண்கோட்டைகளை டேனியர் கட்டினர் என்று மக்கள் கூறுவதுண்டு; அது பிழை. அவை பெரும்பாலும் அந்நாட்டு உழவரே இயற்றிய பழங்குடியிருப்புகள். எனினும், அங்குத் தேவதைகள் உறைகின்றன என்ற அச்சத்தால் உழவர் அவற்றை ஏர்முனைக்கு இரையாக்காது விட்டனர். 1868இல் ஆர்டாவில் அத்தகைய கோட்டையொன்றில் உருளைக்கிழங்கு தோண்டியபோதுதான், 8ஆம் நூற்றாண்டின் அரிய வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. இன்னுமொன்று: கி. மு. 3200 அளவில் எழுந்த நியூகிரேஞ்ச் கல்லறையினுள் என்றோ ஒரு நாள் சூரியவொளி புகும் என்று அவ்வட்டாரத்தார் சொல்லி வந்தனர். அதனை இகழாது ஆராய்ந்த பேராசிரியர் ஓகெல்லி, 1967ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் விடியலில் உள்ளே காத்திருந்து, கதிர் நெடுவழியே சென்று உள்ளறையை ஒளிரச் செய்ததைக் கண்டார்.

இவற்றால் நாம் கற்கும் முறை மூன்று. கேட்டதைக் கேட்டவாறே எழுதுக; திருத்தம் வேறிடத்தில் இருக்கட்டும். சொன்னவர் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றைக் குறிக்க மறவற்க. பழம்பொருள் தென்படின் அதனைப் பெயர்த்தெடாது, உரியவர்க்கு அறிவிக்குக. கிடந்த இடமும் மண்ணடுக்கும் அறியப்படாத பொருள் தன் சரித்திரத்திற் பாதியை இழந்ததாகும்.

கல்வெட்டு நூற்றாண்டுகள் காத்திருக்கும். முதியோர் நினைவோ அவ்வாறு காத்திராது. ஆதலின், எழுதுகோல் முதலில் நாட வேண்டியது அவர்களையே.