எதைப் படித்தாலும் கணக்கில் சேருமா?

கலிபோர்னியாவில் நம்மவர் நாலு பேர் கூடுகிற இடம் எதுவாயினும், அது லிவர்மோர் கோவில் பிராகாரமாயிருந்தாலும் பிறந்தநாள் விருந்தாயிருந்தாலும், ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஒரு வசனம் என் காதில் விழாமல் போவதில்லை: “கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருஷம் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், பொதுப் பாடங்களை முடித்துவிட்டால் போதும், யூனிட் எல்லாம் டிரான்ஸ்பர் ஆகிவிடும்.” பையன் எந்த மேஜரில் சேரப்போகிறான் என்று கேளாமலே வழங்கப்படும் இந்த யோசனையை, அத்தகைய கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறவன் என்ற முறையில், அபத்தம் என்று சொல்வதோடு என்னால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை, அது பிள்ளைகளின் ஆயுளில் ஒரு வருஷத்தைத் தின்னும் அபத்தம்.

யூனிட் போய்ச் சேருவது ஒன்று; அது பட்டத்துக்குப் பிரயோஜனப்படுவது வேறு. உளவியலும் சினிமா ரசனையும் சர்வகலாசாலையின் ஏட்டில் யூனிட்டாக ஏறலாம். ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேஜரில் இடங்கொடுக்கிறவர்கள், கால்குலஸ் முடித்தானா, புரோகிராமிங் முடித்தானா என்றுதான் பார்ப்பார்கள். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளுக்கென்றே ஏற்பட்ட ‘அசிஸ்ட்’ என்னும் இணையதளத்தில், படிக்கும் கல்லூரி, போக விரும்பும் சர்வகலாசாலை, மேஜர் ஆகிய மூன்றையும் குறித்தால், இடப்புறம் அவர்கள் கேட்கும் பாடமும் வலப்புறம் நம் கல்லூரியில் அதற்கு ஈடான பாடமும் வரிசையாக வந்து நிற்கும்; ஈடு இல்லையென்றால் இல்லை என்றே போட்டிருக்கும். அறுபது யூனிட் முடித்துவிட்ட நிம்மதியோடு என் அறைக்கு வந்த ஒரு பிள்ளை, அந்தப் பக்கத்தின் வலப்புறத்தில் தான் படித்த பாடங்களை விரல் வைத்துத் தேடிக்கொண்டே போய், கடைசி வரையில் இரண்டே வரிகளைத்தான் கண்டான்.

என் சாஸ்திரத்திலிருந்தே பிரமாணம் காட்டுகிறேன். கால்குலஸ் என்பது செமஸ்டர் முறையில் வழக்கமாக மூன்று செமஸ்டர். முதலாவது முடியாமல் இரண்டாவதில் உட்கார முடியாது. அதற்கு மேல் லீனியர் அல்ஜிப்ராவும் டிபரென்ஷியல் ஈக்வேஷனும் உண்டு. எஞ்சினியர்களுக்கான பிசிக்ஸும் கால்குலஸின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். முதல் செமஸ்டரிலேயே தொடங்குகிறவனுக்கே நான்கு செமஸ்டரும் சரியாய்ப் போய்விடும் என்றால், “பொதுப் பாடம் முதலில்” என்று ஒரு வருஷத்தைக் கழித்தவன் எங்கே போவான்?

அந்த இரண்டு வருஷமும் உண்மையில் இரண்டு வருஷமல்ல. அடுத்த இலையுதிர் காலத்தில் சேருவதற்கான யூ.சி. (யூனிவர்சிட்டி ஆப் கலிபோர்னியா) விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது அக்டோபரில் தொடங்கி நவம்பரோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ‘டேக்’ எனப்படும் உத்தரவாத விண்ணப்பமோ செப்டம்பருக்குள். ஆகஸ்டில் கல்லூரிக்குள் கால் வைத்த மாணாக்கனைப் பதின்மூன்றாம் மாதத்திலேயே சர்வகலாசாலை பரீட்சிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்பொழுது அவன் காட்டக்கூடியது முதல் வருஷத்து மதிப்பெண்ணும் மீதிக்குரிய திட்டமும் மட்டுமே. யூனிட்டைக் குவித்து ஈடுசெய்யலாமென்றால் அதுவும் இல்லை: செமஸ்டர் கணக்கில் எழுபதுக்கு மேற்பட்ட யூனிட்டுகளை யூ.சி. யூனிட்டாக ஏற்பதில்லை, பாடம் படித்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளும்.

“விட்டதைக் கோடையில் பிடித்துக்கொள்ளலாமே” என்பார்கள். ஒரு செமஸ்டர் கால்குலஸை ஆறு வாரத்தில் விழுங்கும் இந்த வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். இன்று நடத்திய பாடம் மனத்தில் ஊறுவதற்குள் நாளைய பாடம் வந்துவிடுகிறது; மதிப்பெண் எப்படியோ வாங்குகிறார்கள், இலையுதிர் காலத்தில் அடுத்த வகுப்பில் வந்து உட்காரும்போது இன்டெக்ரல் என்றால் விழிக்கிறார்கள். கோடையில் வரலாறு படியுங்கள், பேச்சுக்கலை படியுங்கள். கணிதத்துக்கு அதற்குரிய பதினாறு, பதினேழு வாரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு வார்த்தை வேண்டியதில்லை.

“அங்கே போவது படிப்பு வராதவர்கள்தான்.” மனித ஜீனோமை ஆராய்ந்து புகழ்பெற்ற கிரெய்க் வென்டர் காலேஜ் ஆப் சான் மாட்டியோவில் படித்துவிட்டு யூ.சி. சான் டியேகோவுக்குப் போனவர். கம்யூனிட்டி காலேஜிலிருந்து சர்வகலாசாலைக்குப் போகும் பாதை மாநில உயர்கல்விக்கான 1960-ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளானிலேயே வகுக்கப்பட்டது, புழக்கடை வழியன்று.

“பட்டத்தில் கம்யூனிட்டி காலேஜ் பெயர் வரும்.” வராது. பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலையின் பெயர்தான் வரும்.

“பன்னிரண்டு யூனிட் எடுத்தால் முழுநேர மாணவன்; இரண்டு வருஷத்தில் முடியும்.” முழுநேரம் என்பது சரி. நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு, டிரான்ஸ்பருக்கு வேண்டியது அறுபது. பெருக்கல் வாய்பாடு போதும்.

“டேக் போட்டால் பெர்க்லி நிச்சயம்.” பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அந்த ஏற்பாட்டில் இல்லை. மற்ற ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம்.

“மதிப்பெண்ணைக் கல்லூரியில் நாங்களே விசாரித்துக்கொள்வோம்.” 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவனுடைய ஏட்டின் மீதான உரிமை அவனுக்கே உரியது, வயது பதினெட்டு நிறையாவிட்டாலும். ஆகவே கவுன்சிலர் கேட்கும் கேள்விக்குத் தகப்பனார் பதில் சொல்வதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பேசவிடுவது உத்தமம்.

இம்மாநிலத்தில் வசிக்கிறவர்களுக்கு யூனிட் 46 டாலர். அறுபது யூனிட்டும் சேர்ந்து 2,760 டாலர்தான். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டம், புதிய மாணாக்கர்களுக்குக் கல்வித் திட்டம் வகுக்கத் துணைநிற்பதைக் கல்லூரிகளின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேளாதவனுக்கு வீடு தேடி வராது. வகுப்புத் தொடங்குமுன் கவுன்சிலரிடம் நேரம் வாங்குங்கள். அசிஸ்ட் பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். நாலு செமஸ்டருக்கும் பாடங்களை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். விருந்தில் யாராவது “எதைப் படித்தாலும் சேரும்” என்று ஆரம்பித்தால், எந்த மேஜருக்கு என்று மட்டும் கேளுங்கள்.